நகல் சேவையகமும் அனுமதி மறுப்பும்

(கணினிப் பணியாளர் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



நிலப் பதிவு, ஓய்வூதியம், பொது விநியோகம் ஆகியவற்றின் விவரங்கள் இன்று தரவுத்தளங்களில் உள்ளன. ஒரு சேவையகம் பழுதுற்றாலும் மக்களுக்குரிய பணிகள் தடைப்படலாகாது. ஆகவேதான் முதன்மைச் சேவையகத்தில் நிகழும் மாற்றங்களை வேறிடத்திலுள்ள நகல் சேவையகம் உடனுக்குடன் பெற்றுக்கொள்ள ஏற்பாடு செய்யப்படுகிறது. இவ்விரண்டிற்குமிடையே இணைப்பு மறுக்கப்பட்டால் செய்ய வேண்டுவது யாது? போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

நகல் சேவையகம் நான்கு வாயில்களைக் கடந்தாக வேண்டும். எந்த வாயிலில் தடை என்பதைப் பிழைச் செய்தியே பெரும்பாலும் உணர்த்திவிடும்.

முதலாவது வலையமைப்பு. விடையே வராமல் நேரம் கடந்தால், இடையிலுள்ள ஃபயர்வால் 5432 என்னும் போர்ட்டை அடைத்திருக்கக்கூடும். உடனடியாக மறுப்பு வந்தால், முதன்மைச் சேவையகம் தன் கணினிக்குள்ளிருந்து வரும் அழைப்புகளை மட்டுமே ஏற்கிறதா எனப் பார்க்க வேண்டும். தொடக்க அமைப்பு அத்தகையதே. அதனை மாற்றினால் தரவுத்தளத்தை நிறுத்தி மீண்டும் தொடங்குவது அவசியம்.

இரண்டாவது அனுமதிக் கோப்பு. எந்தப் பயனர், எந்த முகவரியிலிருந்து, எந்தத் தரவுத்தளத்தை அணுகலாம் என்பது இதில் வரிவரியாக எழுதப்பட்டிருக்கும். தரவுத்தளம் என்னுமிடத்தில் 'ஆல்' என்று குறித்தாலும், சேவையகம் முழுவதையும் நகலெடுக்கும் இணைப்பு அதில் அடங்காது. 'ரெப்ளிகேஷன்' என்று தனி வரி வேண்டும். பலர் தடுமாறும் இடம் இதுவே. மேலும், பொருந்தும் முதல் வரியே இறுதியானது. அதில் தேறாவிடில் அடுத்த வரி பார்க்கப்படுவதில்லை.

மூன்றாவது கடவுச்சொல். நான்காவது, அப்பயனருக்கு நகலெடுக்கும் உரிமை வழங்கப்பட்டிருத்தல்.

விரைந்து முடிக்கும் எண்ணத்துடன் எல்லா முகவரிகளுக்கும் கடவுச்சொல்லின்றி அனுமதி அளிப்போர் உண்டு. நகலெடுக்கும் உரிமை பெற்றவர் தரவு முழுவதையும் எடுத்துச் செல்ல இயலும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். தனிப் பயனர், குறித்த முகவரி, தேவையான உரிமை மட்டும் என்பதே முறையாகும்.

காலந்தாழ்த்துவதும் தீங்கு தரும். நகலுக்கென 'ஸ்லாட்' ஒதுக்கி, அதற்கு வரம்பு விதிக்காவிடில், அனுப்பப்படாத பதிவுகள் குவிந்து முதன்மைச் சேவையகத்தின் வட்டு நிரம்பிவிடும். ஒதுக்காவிடில், பழைய பதிவுகள் நீக்கப்பட்டு, முழு நகலையும் மீண்டும் எடுக்க நேரக்கூடும்.

இணைப்பு கிடைத்ததுடன் பணி முடிந்துவிடுவதில்லை. நகல் எவ்வளவு பின்தங்கியுள்ளது என்பதை நாள்தோறும் கண்காணிக்க வேண்டும். முதன்மைச் சேவையகம் செயலிழக்கும் நாளில் ஓய்வூதியம் பெறுவோர் நம்பியிருப்பது அந்த நகலைத்தான்.