பச்சை குத்தும் ஊசி

திருவிழாக் கடைத்தெருவில் பாய் விரித்து அமர்ந்து, கொட்டாங்கச்சியில் குழைத்த மையைத் தொட்டுத் தொட்டு, பெண்களின் முன்கையில் கோலமும் தேளும் பச்சை குத்திய மூதாட்டியின் கைத்திறனைச் சிறுவயதில் நான் வியந்து பார்த்ததுண்டு. ஆயினும், ஒருத்தியின் ரத்தம் பட்ட அதே ஊசி, முந்தானையில் ஒரு துடைப்போடு அடுத்தவள் கைக்குச் சென்றதை இன்று நினைத்தால் நெஞ்சம் பதைக்கிறது.

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி, உடலுக்கு வெளியே, உலர்ந்த ரத்தத்திலும் குறைந்தது 7 தினங்கள் வீரியத்தோடு இருக்கவல்லது. ஆகையால், உறையிட்ட புது ஊசியை நம் கண்ணெதிரே பிரிக்கிறார்களா, மையைச் சிறு கிண்ணத்தில் நமக்கென்று தனியே ஊற்றி, எஞ்சியதைக் கொட்டிவிடுகிறார்களா என்று கூச்சமின்றிக் கேளுங்கள். ஊசி புதிதாயினும், மை பலருக்கும் பொதுவாயின் அபாயம் நீங்கிவிடுவதில்லை.

வலியில்லாத மார்க்கமென்று சிலர் நாடும் 'கறுப்பு மருதாணி'யிலும் ஜாக்கிரதை வேண்டும். அசல் மருதாணி தருவது செம்மை. சீக்கிரத்தில் ஏறும் அந்தக் கருமையோ, பெரும்பாலும் தலைமுடிச் சாயத்தில் சேரும் பாராபினைலீன்டையமின் என்னும் ரசாயனத்தின் வேலை. மிருதுவான குழந்தைக் கைகளில் அது கொப்புளத்தையும், சில சமயம் மறையாத வடுவையும் உண்டாக்கிவிடுகிறது.

மற்றொரு விஷயம்: பச்சை குத்திக்கொண்டவர், அதன்பின் 12 மாதங்கள் ரத்ததானம் செய்யலாகாது என்பது நம் தேசத்து விதி.