விறகு தின்னாத தீ

குளிர் நாட்டு வீடுகளில் கூடத்துச் சுவரை ஒட்டிக் கணப்பு இருக்கும். விறகோ நிலக்கரியோ அதில் எரியும். புகை சுவருக்குள்ளேயே ஏறிக் கூரைக்கு மேலே போய்விடும். உதகமண்டலத்திலும் நுவரெலியாவிலும் வெள்ளையர் கட்டிய பழைய பங்களாக்களில் நாமும் இதைப் பார்த்திருப்போம். இன்று இங்கிலாந்து, அயர்லாந்து, கனடா போன்ற நாடுகளில் பல வீடுகளில் அந்த இடத்துக்கு மின்கணப்பு வந்துவிட்டது. பொத்தானை அழுத்தினால் கட்டைகளுக்கு நடுவே தீ எழும். ஆனால் அங்கே எதுவும் எரிவதில்லை. அந்தத் தீயை உண்டாக்குவதும் ஒரு கலைதான். கலையாகவே அதை எடைபோட வேண்டும் என்பது என் எண்ணம். எந்தப் படிக்கல்லை வைத்து எடைபோடுவது என்பதே இன்றைய பேச்சு. கடைக்காரர்களும் வாங்குபவர்களும் படம் எவ்வளவு தெளிவு, நிறம் எவ்வளவு பொருத்தம் என்றே பார்க்கிறார்கள். தீயை ஓர் உருவமாக நினைப்பதால் வரும் பிழை இது. தீ நடந்துகொண்டே இருக்கும் நிகழ்ச்சி. அடுத்த நொடி என்ன செய்யும் என்று சொல்ல முடியாதபடி அது அசைகிறது; சுற்றியுள்ள சுவரிலும் முகத்திலும் வெளிச்சத்தை வீசி இழுக்கிறது. இந்த இரண்டையும் பிடித்தவர்களே இந்தக் கலையில் வென்றவர்கள் என்பேன்.

முதலில் தீ என்றால் என்ன என்று பார்ப்போம். 1860ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் அறிவியலாளர் மைக்கேல் ஃபாரடே இளையோருக்காக ஒரே ஒரு மெழுகுவத்தியை வைத்துக்கொண்டு தொடர் உரைகள் ஆற்றினார். சுடரின் நடுவே சிறு கண்ணாடிக் குழாயைச் செருகி, உள்ளிருந்து வெளியே வந்த ஆவியைக் குழாயின் மறுமுனையில் கொளுத்திக் காட்டினார். அதாவது சுடரின் உள்ளே எரியாத ஆவிதான் இருக்கிறது. எரிவது அதன் மேல்தோல் மட்டுமே. மஞ்சள் ஒளி எங்கிருந்து வருகிறது என்பதையும் அவர் விளக்கினார்: நுண்ணிய கரித்துகள்கள் வெம்மையில் பழுத்து ஒளிர்வதுதான் அது. ஆக, நம் கண்ணுக்குத் தெரியும் கொழுந்து மெல்லிய, பின்னால் இருப்பது தெரியக்கூடிய ஒரு திரை. சூடான காற்று மேலே ஓட, குளிர்ந்த காற்று பக்கங்களிலிருந்து உள்ளே பாய, அந்தத் திரை கசங்கிச் சுழன்று நுனியில் அறுந்து பறக்கிறது. இந்த அசைவுக்கு ஒரு தாளம் உண்டு. தீயின் அடி அகலத்தை மீட்டரில் அளந்து, அதன் வர்க்கமூலத்தால் ஒன்றரையை வகுத்தால், விநாடிக்கு எத்தனை முறை தீ மூச்சு விடுகிறது என்பது ஏறக்குறைய கிடைத்துவிடும். ஒரு மீட்டர் அகலத் தீ விநாடிக்கு ஒன்றரை முறை. முப்பது சென்டிமீட்டர் கணப்புத் தீ மூன்றுக்குச் சற்றுக் குறைவு. பெரிய தீ நிதானமாக அசையும், சிறிய தீ துடிக்கும். சிறு மாதிரிக் கட்டடங்களைக் கொளுத்திப் படம்பிடிக்கும் திரைப்படக் கலைஞர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கேமராவை வேகமாக ஓட்டிப் படத்தை மெதுவாகக் காட்டினால்தான் சிறு தீ பெருந்தீயாகத் தோன்றும். பல மின்கணப்புகள் சறுக்குவது இங்கேதான். பெரிய தீயின் அசைவைச் சிறு பெட்டிக்குள் அடக்கும்போது, நிறமும் வடிவமும் சரியாக இருந்தாலும் தீ தேனுக்குள் அசைவதுபோல மந்தமாகிவிடுகிறது. பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது. ஏதோ சரியில்லை என்று மட்டும் தெரியும்.

இந்தக் கலையின் பழைய சாதனை ஒன்றைச் சொல்கிறேன். 1920களில் இங்கிலாந்தில் பெரி நிறுவனம் 'மேஜிகோல்' என்ற பெயரில் மின்கணப்பு விற்றது. நிலக்கரிபோல வார்த்த, ஒளி ஊடுருவும் கட்டிகளுக்கு அடியில் சிவப்பு பல்பு ஒன்று. பல்புக்கு மேலே ஊசிமுனையில் உட்கார்ந்த, இறக்கைகள் வெட்டிய மெல்லிய தகட்டுச் சக்கரம். பல்பின் சூட்டில் மேலெழும் காற்று அந்தச் சக்கரத்தைச் சுழற்றும். நிழலும் ஒளியும் கட்டிகளின்மேல் மாறி மாறி ஓடும். மோட்டார் இல்லை, பற்சக்கரம் இல்லை. நெருப்பை மேலே தள்ளுகிற அதே விசை, சூடான காற்றின் எழுச்சி, இங்கே போலி நெருப்பையும் அசைக்கிறது. அறைக்குள் யாராவது நடந்தால், கதவு திறந்தால், சக்கரம் தயங்கும், மறுபடி ஓடும். கொழுந்து என்ற ஒன்று அதில் தெரியவே தெரியாது. தணலின் கனிவு மட்டுமே உண்டு. ஆனாலும் அந்தத் தணலுக்கு உயிர் இருந்தது. பிற்காலத்தில் எல்இடி விளக்குகள் வந்தபோது இந்த ஏற்பாடு பயனற்றுப் போனது. பழைய பல்பு வீணாக்கிய சூடுதான் சக்கரத்தைச் சுழற்றியது. எல்இடியில் அந்தச் சூடு போதாது. சிக்கனமான விளக்கு வந்து, நெருப்பின் மூச்சை நிறுத்திவிட்டது.

நிலக்கரியை விட்டு மக்கள் மாறியதற்கு அழகுணர்ச்சி மட்டும் காரணமில்லை. 1952 டிசம்பரில் லண்டனைச் சூழ்ந்த புகைமூட்டம் சுமார் 4,000 பேரைக் கொன்றதாக அன்றே கணக்கிட்டார்கள். பிந்தைய ஆய்வுகள் அந்த எண்ணிக்கையை 12,000 வரை கொண்டு போயின. வீட்டுக் கணப்புகளின் நிலக்கரிப் புகைக்கு அதில் பெரும் பங்கு. 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. புகைக்குத் தடை விதித்த பகுதிகள் உருவாயின. கணப்பை மாற்றிக்கொள்ள வீட்டுக்காரர்களுக்கு மானியமும் கிடைத்தது. அடுப்பங்கரையில் தீ அணைந்தால் வேறு அடுப்பு வைத்துக்கொள்ளலாம். குடும்பமே சுற்றி உட்கார்ந்து பழகிய தீ போய்விட்டால், அறையில் எந்தப் பக்கம் திரும்பி உட்காருவது என்பதே தெரியாமல் போகிறது. லத்தீன் மொழியில் கணப்புக்கு 'ஃபோகஸ்' என்று பெயர். ஒளிக்கதிர்கள் கூடும் புள்ளிக்கு அந்தப் பெயர் வந்தது பிற்பாடுதான். கண்கள் கூடும் இடம் இல்லாமல் போன வீடுகளுக்குத்தான் மின்கணப்பைச் செய்த கைவினைஞர்கள் வேலை செய்தார்கள்.

இன்று கடைகளில் மிகுதியாகக் கிடைக்கும் வகை வேறு. கட்டைகளுக்குப் பின்னால் படுக்கை வாட்டில் ஒரு தண்டு. அதில் வளைத்து ஒட்டிய பளபளப்பான தகட்டுத் துண்டுகள். அதைச் சுழற்றச் சிறு மோட்டார். எல்இடி ஒளி தகடுகளில் பட்டுச் சிதறி, தீநாக்கு வடிவில் வெட்டிய துளைகள் வழியே போய் ஒரு திரையில் விழுகிறது. திரையின் முன்பக்கம் பாதி கண்ணாடி. கட்டைகளின் பிம்பம் அதில் விழுவதால், தீ கட்டைக்கும் பிம்பத்துக்கும் நடுவே, கட்டைக் குவியலின் நெஞ்சிலிருந்தே எழுவதாகத் தோன்றும். மிக நுட்பமான யோசனை இது. தட்டையான திரைக்கு ஆழம் கொடுத்தவர்களை நான் மெச்சுகிறேன். ஆனால் தண்டு நிமிடத்துக்குப் பத்து முறை சுற்றினால், ஆறு விநாடிக்கு ஒருமுறை அதே தீநாக்கு அதே இடத்தில் எழும். முதல் ஐந்து நிமிடம் கண் ஏமாறும். பிறகு மனம் எண்ணத் தொடங்கிவிடும். எண்ணத் தொடங்கிய பிறகு அது தீயாக இருக்காது, சக்கரமாகிவிடும். அமெரிக்காவில் இதற்கு நல்ல சான்று இருக்கிறது. 1966 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு நியூயார்க்கின் டபிள்யூபிஐஎக்ஸ் தொலைக்காட்சி, கணப்பு எரியும் காட்சியை மட்டும் மணிக்கணக்கில் ஒளிபரப்பியது. அந்தப் படச்சுருள் வெறும் 17 விநாடி. அதையே திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். மக்களுக்குப் பிடித்துப்போனது. ஆனாலும் சுருள் தேய்ந்துபோனதாலும், தீ துள்ளுவது உறுத்தியதாலும், 1970இல் புதிதாகப் படம்பிடித்துச் சுருளை ஆறு நிமிடத்துக்கு மேல் நீட்டினார்கள். திரும்ப வராத நேரம் அவர்களுக்கும் முக்கியமாகப் பட்டது. மின்கணப்பிலும் இதே வழி உண்டு. வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரண்டு தண்டுகளை வைத்தால், ஒன்று ஆறு விநாடியும் மற்றது ஏழு விநாடியும் எடுத்துக்கொண்டால், பழைய காட்சி திரும்ப 42 விநாடி ஆகும். கூடுதல் செலவு மிகச் சிறிது.

இனி, நான் மிக உயர்வாக மதிக்கும் முறை. அயர்லாந்தின் கிளென் டிம்ப்ளெக்ஸ் நிறுவனம் 'ஆப்டிமிஸ்ட்' என்ற பெயரில் விற்கும் வகை அது. கட்டைகளுக்கு அடியில் ஒரு சிறு தொட்டித் தண்ணீர். காதுக்குக் கேட்காத அளவு வேகமாக அதிரும் தட்டு ஒன்று அந்தத் தண்ணீரை மிக நுண்ணிய துளிகளாக உடைக்கிறது. துளிகள் பனிமூட்டமாகக் கட்டைகளின் இடுக்குகள் வழியே மேலெழுகின்றன. அடியிலிருந்து ஆரஞ்சு நிற ஒளி பாய்கிறது. ஒளி பட்ட கீழ்ப்பகுதி கொழுந்தாகவும், ஒளி தேய்ந்த மேற்பகுதி புகையாகவும் தெரிகின்றன. இங்கே யாரும் தீயை வரையவில்லை, எந்தச் சுருளும் ஓடவில்லை. காற்றில் சுருண்டு எழும் மூட்டத்துக்குத் தன் அசைவு உண்டு. ஒருமுறை எழுந்ததுபோல் மறுமுறை எழாது. ஃபாரடே காட்டிய அதே மெல்லிய, பின்புறம் தெரியும் திரை. தலையைச் சற்றுச் சாய்த்தால் பின்னால் இருக்கும் செங்கல் நகர்கிறது, தீ வேறுவிதமாக நகர்கிறது. நம் கண்கள் ஆழத்தை அளக்கும் வழிகளில் இதுவும் ஒன்று. குளிர்ந்த தண்ணீரைக் கொண்டு தீயைச் செய்திருக்கிறார்கள்; கையை உள்ளே நீட்டினால் ஈரம்தான் படும். குறைகளும் உண்டு, மறைக்கத் தேவையில்லை. பகல் வெளிச்சத்தில் மூட்டம் வெளிறிப்போகும். உப்புத் தண்ணீரை ஊற்றினால் தட்டில் படிவு கட்டும், அறையில் வெள்ளைத் தூசி படியும். தண்ணீரை நாள்கணக்கில் தேங்கவிட்டால் லெஜியோனெல்லா போன்ற கிருமிகளுக்கு இடம் கொடுத்ததாகும். தொட்டியை அடிக்கடி கழுவி நீரை மாற்றியே ஆக வேண்டும். பழைய கணப்பில் சாம்பல் அள்ளியவர்களுக்கு இது பெரிய பாரமாகத் தெரியாது.

கணினி இருக்கும்போது தண்ணீர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். 1982இல் வந்த 'ஸ்டார் டிரெக்' இரண்டாம் படத்தில் ஒரு கோளின்மேல் தீ பரவும் காட்சியை, ஆயிரக்கணக்கான புள்ளிகளைக் கணினியில் தற்செயலாகச் சிதறவிட்டு வில்லியம் ரீவ்ஸ் என்பவர் உருவாக்கினார். அந்த வழியில் கணக்கிட்டு வரையும் தீ எத்தனை மணி நேரம் ஓடினாலும் திரும்ப வராது. திரும்புவது பற்றிய என் குறை அதோடு தீர்ந்துவிடுகிறது என்று ஒப்புக்கொள்கிறேன். தீராதது வெளிச்சம். பதினேழாம் நூற்றாண்டு பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் டி லா தூர் வரைந்த, ரென் நகர அருங்காட்சியகத்தில் இருக்கும் 'பிறந்த குழந்தை' ஓவியத்தில் மெழுகுவத்தியின் சுடர் தெரிவதில்லை. ஒரு பெண் தன் கையால் அதை மறைத்திருக்கிறாள். ஆனாலும் அந்த அறையில் தீ எரிகிறது என்பதில் எவருக்கும் ஐயம் வராது, தாயின் சிவப்பு உடையும் குழந்தையின் முகமும் அதைச் சொல்லிவிடுகின்றன. திரையில் தீ கூத்தாடினாலும், எதிரே உட்கார்ந்திருப்பவர் முகத்தில் நீலம் கலந்த ஒரே சீரான ஒளி விழுந்தால், அவர் தீயருகில் இல்லை, தொலைக்காட்சியருகில் இருக்கிறார். திரையில் கணக்கிட்ட தீயோடு, அதே தாளத்தில் தரையிலும் சுவரிலும் ஒளியை அலையவிடும் விளக்குகளைச் சேர்த்தால் என் மறுப்பில் பாதி போய்விடும். அந்தப் பாதியைத் தயாரிப்பாளர்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும்.

இதெல்லாம் பொய்தானே, வீட்டின் நடுவில் ஒரு பொய்யை வைத்துக் கும்பிடுவதா என்பது இன்னும் கனமான மறுப்பு. ஒரு பொருளை வேறொன்றாகக் காட்டுவது கட்டடக் கலையில் பெருங்குற்றம் என்று 1849இல் ஆங்கிலக் கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் கடுமையாக எழுதினார். ஆனால் அவரே ஒரு விலக்கும் கொடுத்தார். கட்டடத்தில் தங்கப் பூச்சு ஏமாற்று ஆகாது, ஏனென்றால் உள்ளே முழுத் தங்கம் என்று யாரும் நினைப்பதில்லை. நகையில் பூசினால் அது ஏமாற்று, அங்கே அப்படித்தான் நினைப்பார்கள். அந்த அளவுகோலே மின்கணப்புக்குப் போதும். புகைக்கூண்டு இல்லாத அடுக்குமாடி வீட்டில், சுவரில் செருகிய ஒயரோடு நிற்கும் தீயை உண்மைத் தீ என்று எந்த விருந்தாளியும் நினைப்பதில்லை. தெரிந்தே ரசிக்கிறார்கள், மேடையில் அரசனைப் பார்ப்பதுபோல.

மின்கணப்பில் பலரும் கவனிக்காதது ஒலி. 2014இல் அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழக மானிடவியலாளர் கிறிஸ்டஃபர் லின் ஓர் ஆய்வை வெளியிட்டார். தீ எரியும் காணொலியை ஒலியோடு பார்த்தவர்களின் ரத்த அழுத்தம் குறைந்தது. பார்த்த நேரம் கூடக் கூட அந்தக் குறைவும் கூடியது. ஒலியை நீக்கிக் காட்டியபோது அந்தப் பலன் இல்லை. அங்கே இருந்ததும் திரைத் தீதான் என்பதால் என் வாதத்துக்கு எதிரானதாக இது தோன்றலாம். எனக்கு அது ஆதரவாகவே படுகிறது. படம் தனியாகச் செய்யாததை, எப்போது வரும் என்று தெரியாத அந்தச் சடசடப்பு சேர்ந்தபோதுதான் தீ செய்தது. சடசடப்பையும் ஆறு விநாடிச் சுருளாக ஓட்டினால் அது தீக்கு எதிரி.

தயாரிப்பாளர்களிடம் கேட்க இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது. சுள்ளி பற்றுவது, கொழுந்து எழுவது, கட்டை சரிவது, தழல் தாழ்ந்து தணலாவது, தணல் கங்காகி நீறு பூப்பது என்று நம் மொழி தீயின் ஒவ்வொரு வயதுக்கும் சொல் வைத்திருக்கிறது. இன்றைய மின்கணப்புகளில் பெரும்பாலானவை கொழுந்து எழும் அந்த ஒரு வயதிலேயே இரவெல்லாம் நிற்கின்றன. பொத்தானை அழுத்தினால் விளக்கு அணைவதுபோல் சட்டென்று இருண்டுவிடுகின்றன. மூட்டத்தை மெல்ல மெல்லக் குறைத்து, அடியில் இருக்கும் கங்குகளின் சிவப்பை அரைமணி நேரத்துக்கு மங்கவிட்டு, கடைசியில் ஒரே ஒரு கங்கு மட்டும் இருட்டில் மின்னி அணையும்படி ஒரு கணப்பைச் செய்ய இன்றிருக்கும் கருவிகளே போதும். அப்படி ஒன்று வந்தால், தூங்கப் போகிறவர்கள் பொத்தானை அழுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள்.