இரு திண்மங்கள் கூடும் இடம்



வெள்ளி விழாக் காணும் நம் சங்கத்தில், மின்கலத்தின் உள்ளே நிகழும் ஒன்றைப் பற்றிப் பேச முற்படுகின்றோம். கைப்பேசியிலும் மின்சார வண்டியிலும் உள்ள லித்தியம் மின்கலத்தில், இரு மின்முனைகளுக்கும் இடையே திரவ மின்பகுளி உண்டு. அது எளிதில் தீப்பற்றக்கூடியது. அதற்கு மாற்றாகத் திண்ம மின்பகுளியை வைத்தால் தீயின் அச்சம் பெரிதும் குறையும். ஆயினும் அத்தகைய மின்கலம் இன்னும் பரவலாகச் சந்தைக்கு வரவில்லை. காரணம் யாது?

திரவம் மூலைமுடுக்கெல்லாம் பரவித் தொடும். திண்மங்களோ, செங்கல்மேல் செங்கல் வைத்தாற்போலச் சில இடங்களில் மட்டுமே தொடும். தொடாத இடத்தில் அயனிகள் கடந்து செல்லா. தொட்ட இடத்திலும் வேதிவினை நிகழ்ந்து புதிய மெல்லேடு ஒன்று உண்டாகும். மின்கலம் நிலைப்பதும் கெடுவதும் பெரிதும் அம்மெல்லேட்டைப் பொறுத்தவை.

அதன் நுட்பத்தைக் காண ஒளி நுண்ணோக்கி போதாது. 1931இல் பெர்லினில் எர்ன்ஸ்ட் ருஸ்காவும் மாக்ஸ் நோலும் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு வழிகண்டனர். ருஸ்கா 1986இல் நோபல் பரிசு பெற்றார். இன்று அக்கருவி அணுக்களின் வரிசையையே காட்டுகிறது. ஆனால் லித்தியம் காற்றுப் பட்டால் மாறும். எலக்ட்ரான் கற்றை பட்டால் சிதையும். காண வந்த கருவியே காணவேண்டிய பொருளை அழித்தது!

இதற்கு விடை உயிரியலிலிருந்து வந்தது. புரதங்களை உறையவைத்துக் காணும் முறையை 2017இல் ஸ்டான்ஃபோர்டில் யி குய் குழுவினர் லித்தியத்திற்குக் கையாண்டு, மின்கலத்தில் வளரும் லித்தியக் கிளைகளை அணு அளவில் கண்டனர். 2020இல் சான் டியகோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஷெர்லி மெங் குழுவினர், லித்தியமும் லிப்பான் என்னும் திண்ம மின்பகுளியும் கூடும் இடத்தை அம்முறையில் ஆராய்ந்தனர். அங்கிருந்த மெல்லேடு 80 நானோமீட்டருக்கும் குறைவு. லித்தியம் ஆக்சைடு, நைட்ரைடு, பாஸ்பேட்டு ஆகியவை அதில் படிப்படியாக அமைந்திருந்தன. அச்சேர்க்கை நெடுநாள் நிலைப்பதன் காரணம் அதனால் விளங்கலாயிற்று.

இளைஞர்களே! இயற்பியல் தந்த கருவி, உயிரியல் வளர்த்த முறை, வேதியியல் எழுப்பிய வினா ஆகிய மூன்றும் கூடியே இவ்விடையைத் தந்தன. பன்னிரண்டாம் வகுப்பின் மின்வேதியியல் பாடமே இதற்கு முதற்படி. கடினம் என்று அஞ்சி அறிவியல் பிரிவை விட்டு விலகும் பிள்ளைகளை நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். விலகாதீர்கள். வினாக்கள் இன்னும் தீரவில்லை. விடை காண்போர் வரிசையில் உங்களுக்கும் இடமுண்டு.