இலக்கணம் நாவுக்கு வர வேண்டும்

  பேச்சுப் பயிற்சி வழியாகக் கடினமான ஆங்கில இலக்கணத்தைக் கற்பிப்பது என்னும் தலைப்பை இக்கருத்தரங்கு எடுத்துக்கொண்டதில் எனக்குப் பெருமகிழ்ச்சி. 

நம் பிள்ளைகளுக்கு இலக்கணம் தெரியாது என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. நான் அதை ஏற்பதில்லை. பத்தாம் வகுப்பு மாணவியிடம் செய்வினையைச் செயப்பாட்டுவினையாக்கச் சொல்லுங்கள், ஆக்கிவிடுவாள். நேர்க்கூற்றை அயற்கூற்றாகவும் மாற்றுவாள், மாற்றும் விதியையும் ஒப்பிப்பாள். அதே மாணவி ஆசிரியர் அறை வாசலில் நின்று, 'ஐ டோன்ட் நோ வேர் இஸ் த கீ, மிஸ்' என்பாள். விதி அவளிடம் இருக்கிறது; பேசும்போது அது கைகொடுப்பதில்லை. யோசித்து எழுத நேரமுள்ளபோது வரும் அறிவும், வாய் திறந்த கணத்தில் வர வேண்டிய பழக்கமும் வேறு வேறு. நம் தேர்வுகள் முதலாவதை மட்டுமே அளந்துவந்திருக்கின்றன. நம் வகுப்புகளும் அதற்கே தயார் செய்துவந்திருக்கின்றன.

அந்த மாணவியின் வாக்கியத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 'சாவி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை' என்பது தமிழ். கேள்வி உருக்குலையாமல் அப்படியே உள்ளே உட்கார்ந்துகொள்கிறது. பின்னால் வரும் 'என்று' மீதியைப் பார்த்துக்கொள்கிறது. ஆங்கிலத்திலோ நேராகக் கேட்டால் 'இஸ்' முன்னே வர வேண்டும். அதே கேள்வி இன்னொரு வாக்கியத்துக்குள் புகுந்தால் அந்த 'இஸ்' பின்னே போய்விட வேண்டும். முன்னே கொண்டுவரவே ஓராண்டு பாடுபட்ட பிள்ளையிடம், இந்த இடத்தில் மட்டும் கொண்டுவராதே என்கிறோம். அவள் செய்வது கவனக்குறைவு அல்ல. மொழியியலறிஞர் பிட் கார்டர் 1967-இல் எழுதிய கட்டுரையில் வற்புறுத்தியது இதைத்தான்: மாணவரின் பிழை, அவர் தமக்குள் அமைத்துக்கொண்டிருக்கும் ஒழுங்கைக் காட்டுகிறது.

நம் மாநிலத்தில் பேச்சுப் பயிற்சி புதிதல்ல. 1950-களிலேயே அமைப்புமுறைப் பாடத்திட்டம் இங்கே வந்துவிட்டது. ஆசிரியர் ஒரு வாக்கியத்தைச் சொல்ல, வகுப்பே சேர்ந்து திருப்பிச் சொல்லும். ஒரு சொல்லை மட்டும் மாற்றி மாற்றி நூறு வாக்கியம் சொல்லும். அதற்காக ஆயிரக்கணக்கான ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. வாய்க்கு வேலை கிடைத்தது உண்மை. ஆனால் அந்த நூறு வாக்கியங்களில் ஒன்றுகூட மாணவர் யாருக்காவது சொல்ல விரும்பிய செய்தி அல்ல.

இதற்கு மறுப்பாக எழுந்ததுதான் ஆங்கிலக் கற்பித்தல் அறிஞர் என். எஸ். பிரபுவின் முயற்சி. 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் சில பள்ளிகளில், இலக்கணப் பாடமே இல்லாமல் வகுப்பு நடந்தது. ரயில் கால அட்டவணையைப் பார்த்து எந்த வண்டியில் போவது என்று முடிவெடு, வரைபடத்தைப் பார்த்து வழி சொல் என்று சிந்திக்க வைக்கும் வேலைகள் மட்டும். பொருளில் மனம் ஈடுபட்டிருக்கும்போது இலக்கணம் தானே உள்ளே அமையும் என்பது அவர் துணிபு. உலகெங்கும் பேசப்பட்ட ஒரு திட்டம் நம் ஊர்ப் பள்ளிகளில் பிறந்தது என்பதை நம் இளம் ஆசிரியர்கள் பெருமையோடு அறிந்திருக்க வேண்டும்.

மாணவர்கள் தங்களுக்குள் பேசிப் பழகுவதைப் பிரபு அவ்வளவாக ஊக்குவிக்கவில்லை. ஒருவர் பிழை இன்னொருவரிடம் இறுகிவிடும் என்று அஞ்சினார். அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. எல்லாரும் தமிழ் பேசும் வகுப்பில் 'வேர் இஸ் த கீ' என்று உள்ளே செருகினாலும் எல்லாருக்கும் புரிந்துவிடும். புரிந்துவிட்டால் திருத்திக்கொள்ளக் காரணமே இல்லை. கனடாவிலும் ஆண்டுக்கணக்கில் பிரெஞ்சு வழியிலேயே படித்த பிள்ளைகள் சரளமாகப் பேசினார்கள். இலக்கணப் பிழைகள் மட்டும் நீங்கவில்லை. அதைக் கண்டுதான் ஆய்வாளர் மெரில் ஸ்வெய்ன் 1985-இல், கேட்டால் மட்டும் போதாது, துல்லியமாகச் சொல்லும்படி மாணவரை நெருக்க வேண்டும் என்று எழுதினார்.

ஆகவே என் கருத்தை இந்த அவையின் முன் வைக்கிறேன். கடினமான இலக்கணம் எல்லாம் ஒரே வகைக் கடினம் அல்ல. எல்லாவற்றுக்கும் ஒரே பேச்சுப் பயிற்சி பொருந்தாது.

சில இலக்கணம் தவறினால் செய்தியே மாறிவிடும். 'அப்பா மதுரைக்குப் போயிருக்கிறார்' என்ற தமிழ் வாக்கியம் இரண்டுக்கும் பொருந்தும்: அவர் இப்போது மதுரையில் இருக்கலாம், என்றோ போய்த் திரும்பியும் இருக்கலாம். ஆங்கிலத்தில் 'ஹேஸ் கான்' என்றால் இன்னும் திரும்பவில்லை. 'ஹேஸ் பீன்' என்றால் போய் வந்துவிட்டார். இத்தகைய இடத்தில் விளக்கத்தைவிட வேலையே நன்றாகக் கற்பிக்கும். ஒரு மாணவர் தொலைபேசியை எடுப்பவர், இன்னொருவர் அப்பாவைத் தேடுபவர். 'ஹேஸ் பீன்' என்று பதில் வந்தால், தேடுபவர் தொலைபேசியை அப்பாவிடம் கொடுக்கச் சொல்லிக் கேட்டே ஆக வேண்டும். தவறான வடிவம் உரையாடலையே தடம் மாற்றிவிடும். பிழையை ஆசிரியர் சுட்ட வேண்டியதில்லை, எதிரே இருப்பவரின் பதிலே சுட்டிவிடுகிறது.

வேறு சில இலக்கணம் தவறினாலும் பொருள் கெடாது. உள்ளே செருகிய கேள்வியின் சொல்வரிசை அப்படி. 'ஷி கோஸ்' என்பதன் கடைசி ஒலியும் அப்படி. ஆறாம் வகுப்பிலேயே ஒப்பிக்கக்கூடிய விதி அது. ஆனால் வேறு வேறு தாய்மொழிக் குழந்தைகளை ஆராய்ந்தவர்கள், பேச்சில் அது மிகப் பிந்தியே நிலைபெறுவதைக் கண்டிருக்கிறார்கள். இங்கே உரையாடல் மட்டும் துணை செய்யாது. ஒரே தொடரை உண்மையான தேவையோடு பலமுறை சொல்ல வைக்க வேண்டும். பாதி அழிந்த பேருந்து நேர அட்டவணை ஒன்றைக் கையில் கொடுங்கள். 'குட் யூ டெல் மீ வென் த பஸ் லீவ்ஸ்?' என்று ஒருவர் கேட்க, 'ஐ டோன்ட் நோ வென் இட் லீவ்ஸ், பட் ஐ நோ வேர் இட் ஸ்டாப்ஸ்' என்று மற்றவர் சொல்ல, கால் மணி நேரத்தில் அந்த வரிசை இருபது தடவை நாவில் ஏறி இறங்கிவிடும். பழைய திருப்பிச் சொல்லும் பயிற்சியின் பலம் இதில் இருக்கிறது, வெறுமை இல்லை.

திருத்துவது பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஆய்வாளர்கள் லிஸ்டர், ரான்டா இருவரும் 1997-இல் வெளியிட்ட வகுப்பறை ஆய்வில், ஆசிரியர்கள் தந்த திருத்தங்களில் பாதிக்கு மேல், சரியான வடிவத்தை அவர்களே மென்மையாகத் திருப்பிச் சொல்லிவிடும் வகை. மாணவர் அதைப் பிடித்துக்கொண்டு எதிர்வினை காட்டியது அந்த வகையில்தான் மிகக் குறைவு. நாமும் அன்றாடம் அதையே செய்கிறோம். அண்மையில் அரசுப் பள்ளி ஒன்றின் ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். ஒரு சிறுமி 'ஐ ஹேவ் சீன் ராமேஸ்வரம் லாஸ்ட் இயர்' என்றாள். 'போன வாரமே சொல்லியிருக்கேனே' என்று தாராளமாகப் பேசும் மொழியிலிருந்து வருபவளுக்கு அது இயல்பு. ஆசிரியை சரியான வாக்கியத்தைச் சொல்லவில்லை. 'லாஸ்ட் இயர்?' என்று குரலை உயர்த்திவிட்டுக் காத்திருந்தார். சிறுமி கூரையைப் பார்த்தாள், பக்கத்துத் தோழியைப் பார்த்தாள். 'ஐ... சா. ஐ சா ராமேஸ்வரம் லாஸ்ட் இயர்' என்றாள். நான்கைந்து நொடி இருக்கும். அந்த மௌனத்தைப் பொறுத்துக்கொண்ட ஆசிரியையை நான் மனமாரப் பாராட்டுகிறேன். வகுப்பை விரைந்து நடத்தும் அவசரத்தில் நாம் முதலில் பறித்துவிடுவது அந்த நான்கைந்து நொடியைத்தான்.

ஐம்பது பேர் உள்ள வகுப்பில் இதெல்லாம் நடக்குமா என்ற கேள்வி இங்கே எழும், எழ வேண்டும். இருவர் இருவராகப் பேசினால் சத்தம் வரும். பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்ப்பார். சத்தத்தைக் கட்டுப்பாடின்மையாகக் காணும் தலைமையாசிரியர்கள் இந்த அரங்கில் இருந்தால் அவர்களிடம் நான் மன்றாடிக் கேட்கிறேன்: ஆங்கில வகுப்பின் சத்தத்தை அனுமதியுங்கள். இதைவிடப் பெரிய தடை, ஆங்கிலத்தில் பேச ஆசிரியர்களே கூசுவது. அவர்களும் எழுத்துத் தேர்வு வழியாகவே வந்தவர்கள். அவர்களுக்கான பயிற்சி முகாம்களில் உரை கேட்கும் நேரத்தைக் குறைத்து, அவர்களே பேசும் நேரத்தைக் கூட்ட வேண்டும்.

கட்டுரை படிக்கவிருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் மாணவர்கள் உண்மையில் பேசிய வாக்கியங்களை அவர்கள் வாய்ச்சொல்லாகவே இந்த அவையில் படியுங்கள். எந்தப் பிழை எந்த வேலையில் குறைந்தது, எதில் குறையவே இல்லை என்று சொல்லுங்கள். பலிக்காத பயிற்சிகளையும் மறைக்காமல் வையுங்கள், அவற்றிலிருந்துதான் எந்த இலக்கணத்துக்கு எந்தப் பயிற்சி என்பதைப் பிரித்தறிய முடியும். முதல் அமர்வு அயற்கூற்றுக் கேள்விகளைப் பற்றியது. அதை நடத்தித் தருமாறு அமர்வுத் தலைவரை அழைத்து, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.