பொன்முலாம் விளக்கும் பீங்கான் பூவும்

இன்று ஒரு விளக்கைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். குத்துவிளக்கு அல்ல, பிரெஞ்சு விளக்கு!

சில வருஷங்களுக்கு முன் பாரிஸில் இருக்கும் பெண்ணைப் பார்க்கப் போயிருந்தோம். மாப்பிள்ளை ஒரு பழம்பொருள் கடைக்கு அழைத்துப் போனார். அங்கே மேலிருந்து ஒரு கூண்டு விளக்கு தொங்கிக்கொண்டிருந்தது. காற்றில் மெழுகுவர்த்தி அணையாமலிருக்கச் சுற்றிலும் கண்ணாடி, பொன்முலாம் பூசிய வெண்கலச் சட்டம், பச்சைத் தண்டுகளில் பீங்கான் பூக்கள். என் மனைவி அசையாமல் நின்றுவிட்டாள்.

இந்தப் பூக்களுக்குப் பேர்போனது பாரிஸை அடுத்த வன்சேன். அங்கே 1740-ல் பீங்கான் தொழிற்சாலை ஏற்பட்டது. பெண்கள் ஒவ்வொரு இதழாகக் கையால் செய்தார்கள். 1749-ல் பிரெஞ்சுப் பட்டத்து இளவரசரின் மனைவி, ஸாக்ஸனியை ஆண்ட தன் தகப்பனாருக்கு 480 பூக்கள் கொண்ட கொத்து ஒன்றை அனுப்பினாள். (நம்மில் சீர் எதிர்த்திசையில் அல்லவா போகும்!) மைஸன் பீங்கானுக்குப் பெயர்பெற்ற நாடு அவருடையது. புகுந்த வீட்டுப் பெருமையைக் காட்ட வேண்டாமா?

ஆனால் என் கண் பூவில் நிற்கவில்லை, முலாமுக்குப் போயிற்று. முப்பது வருஷம் எலக்ட்ரோபிளேட்டிங் பட்டறையில் வேலை பார்த்தவன் நான். அந்தக் காலத்தில் தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்து வெண்ணெய் போலாக்கி, வெண்கலத்தில் தடவிக் கரி அடுப்பில் காட்டுவார்கள். பாதரசம் ஆவியாகப் போய்விடும், தங்கம் ஒட்டிக்கொள்ளும். அந்த ஆவியைச் சுவாசித்தவர்களுக்குக் கை நடுங்கும், பல் ஆடும். பலர் அற்பாயுளில் போனார்கள். அரண்மனைகளை அலங்கரித்த பளபளப்பு இப்படி வந்ததுதான். ரவ்ரியோ என்ற வெண்கல வியாபாரி 1814-ல் காலமானார். தொழிலாளிகளைக் காப்பாற்ற வழி காண்பவருக்கு 3000 பிராங்க் பரிசு என்று உயில் எழுதி வைத்திருந்தார். புகையை மேலே இழுக்கும் அடுப்பை அமைத்த தார்ஸே 1818-ல் அதைப் பெற்றார். 1840-களில் மின்முலாம் பரவியது.

கடைக்காரரின் அனுமதியோடு விளக்கின் உட்புறத்தைப் பார்த்தேன். பழைய முறையில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தங்கத்தை வீணாக்க மாட்டார்கள். இதிலோ மூலைமுடுக்கெல்லாம் ஒரே பளபளப்பு. சீட்டைப் படிக்கச் சொன்னேன். 'பதினைந்தாம் லூயி பாணி' என்று இருந்தது. 'பதினைந்தாம் லூயி காலம்' என்று இல்லை. அந்த ஊர் வியாபாரத்தில் அந்த ஒரு சொல்லுக்கு விலையே வேறு.

"பாணியே இந்த விலையா?" என்று கேட்டுவிட்டு, இவள் காப்பி குடிக்கக் கிளம்பிவிட்டாள்.