தெரிந்தவர் விற்ற கார்

'தெரிந்தவர்' என்ற சொல்லைப் போல் இடத்திற்கேற்ப விரிந்தும் சுருங்கியும் பொருள் தரும் சொல் தமிழில் அதிகம் இல்லை. சொந்த ஊரில் ஒருவரைத் தெரிந்தவர் என்று சொன்னால், அவருடைய வீடு தெரியும், தகப்பனார் பெயர் தெரியும், எந்தக் கடையில் அவருக்குப் பற்று வரவு என்பதும் தெரியும். கடல் கடந்து வந்த இடத்தில் அப்படியில்லை. இங்கே அபர்டீன் கடைத்தெருவில் நின்று ஒருவர் தமிழில் விலை கேட்டால் போதும், 'எந்த ஊர்?' என்று தொடங்கிப் பேச்சு முடிவதற்குள் அவர் தெரிந்தவராகி விடுகிறார். நம் மாவட்டத்துக்காரராகவும் இருந்துவிட்டால் 'நம்மவர்' என்ற பட்டமும் கிடைத்துவிடும். தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் அன்பர்களுக்கு இது புதிய செய்தி அன்று. இப்பழக்கம் இல்லாவிட்டால் வெளியூரில் நமக்குக் குடியிருக்க வீடும் கிடைத்திராது, நோயில் துணையும் கிடைத்திராது. ஆயினும், அப்படித் தெரிந்தவரிடம் ஒரு மோட்டார் காரை விலைக்கு வாங்கும்போது நமக்கு உண்மையில் தெரிந்தது என்ன? அதுவே இன்றைய பேச்சின் பொருள்.

1995ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் இத்தாலியில் இமோலா நகரில் ஸான் மரினோ கார்ப் பந்தயம் நடைபெற்றது. அங்கு வந்திருந்த பந்தய வீரர்களான கெர்ஹார்ட் பெர்கர், ழான் அலேஸி ஆகிய இருவருடைய பெராரி கார்களும் களவு போயின. பெர்கருடையது எப் 512 எம் என்னும் சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார். திருட்டுப் போன சில காலத்திற்குள் அது ஜப்பானுக்குக் கப்பலேறியது. 2023ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்துக்கு வந்தது. அமெரிக்காவிலிருந்த ஒருவர், இங்கிலாந்துத் தரகர் ஒருவர் மூலம் அதை விலைக்கு வாங்க முற்பட்டார். பெராரி கம்பெனியார் காரின் எண்களைத் தங்கள் பழைய ஏடுகளோடு ஒப்பிட்டபோது குட்டு வெளிப்பட்டது. 2024 ஜனவரியில் லண்டன் போலீஸாருக்குத் தகவல் போயிற்று. நான்கே நாள் விசாரணையில் கார் அகப்பட்டது. அதன் மதிப்பு சுமார் மூன்றரை லட்சம் பவுண்டு என்றனர். இருபத்தெட்டு ஆண்டுகள், மூன்று நாடுகள். ஆனாலும் கார் திருட்டுக் காராகவே இருந்தது. காலம் கடந்தால் பழி தீரும் என்பது கதைகளில் உண்டு. சேசிஸ் எண்ணுக்கு அது பொருந்துவதில்லை.

பெராரியும் நாமும் எங்கே, நம் தீவுகளில் அது ஓடத்தான் இடமேது என்று கேட்பீர்கள். வாஸ்தவம். ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து, அதாவது 2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர் என்று வழங்கிய நம் தலைநகரிலிருந்து, வடக்கே செல்லும் அந்தமான் பெருஞ்சாலையில் ஜிர்காதாங்குக்கு அப்பால் ஜரவா மக்களின் காட்டுப் பகுதி வருகிறது. அங்கே வண்டிகள் அணிவகுத்துத்தான் போக வேண்டும். மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் கூடாது. முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் பறக்கக்கூடிய ஒரு கார், காய்கறி லாரிக்குப் பின்னால் அவ்வழியே ஊர்ந்து செல்வதைக் கற்பனை செய்து பார்த்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் சட்டத்திற்குப் பெராரியும் ஒன்றே, பழைய ஸ்கூட்டரும் ஒன்றே. மேலும், தீவுவாசிகளான நமக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. இங்கே மோட்டார் கார் செய்யும் தொழிற்சாலை கிடையாது. இங்கு ஓடும் ஒவ்வொரு காரும் சென்னையிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ விசாகப்பட்டினத்திலிருந்தோ கப்பலில் வந்தது. பழைய காராக வந்ததென்றால், அதன் முன்கதை முழுவதும் கடலுக்கு அப்பால் கிடக்கிறது. சென்னைக் கப்பல் வந்து சேர மூன்று நாள் ஆகிறது. முன்கதையை விசாரித்து வர அவ்வளவு தூரம் போவார் யார்?

நாம் பார்க்கும் வேலை மொழிபெயர்ப்பு. ஆகையால் அலுவலகத்திலிருந்து திரும்பியதும் அக்கம் பக்கத்தார் ஆங்கிலக் கடிதங்களைக் கொண்டுவந்து, 'இதில் என்ன எழுதியிருக்கிறது?' என்று கேட்பது வழக்கம். அப்படி வந்த கடிதங்களுள் ஒன்று, ஒரு காரைக் காவல் நிலையத்தில் கொண்டுவந்து நிறுத்தும்படி பணித்தது. கொண்டுவந்தவர் சிறு கடைக்காரர். சீட்டெடுத்த பணத்தைக் கொடுத்துத் தம் ஊர்க்காரர் ஒருவரிடம் அந்தக் காரை வாங்கியிருந்தார். கையில் இருந்தது ஆர்.சி. புத்தகத்தின் நகல் ஒன்றே. அதிலும் விற்றவருடைய பெயர் இல்லை, மூன்றாமவர் பெயர் இருந்தது. கடிதத்தை நாம் வாசித்து முடித்ததும் அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "சார், நான் காசு கொடுத்துத்தானே வாங்கினேன்?"

அந்தக் கேள்விக்கு 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 27ஆம் பிரிவில் விடை சொல்கிறது. விற்பவனுக்கு எவ்வளவு உரிமை உண்டோ அவ்வளவே வாங்குபவனுக்கும் வரும் என்பது அதன் சாரம். திருடனுக்கு உரிமை இல்லை. அவனிடம் வாங்கியவருக்கும் இல்லை. அவரிடம் வாங்கிய நான்காமவருக்கும் இல்லை. நடுவே எத்தனை பேர் நேர்மையாகப் பணம் கொடுத்திருந்தாலும் பொருள் பறிகொடுத்தவரையே சேரும். ஆங்கிலத்தில் 'டைட்டில்' எனப்படுவதைச் சட்டத் தமிழில் 'உரிமைமூலம்' என்று வழங்குகிறார்கள். மொழிபெயர்ப்பில் அருமையாக அமைந்த சொற்களுள் இது ஒன்று. மூலம் என்றதும் நம்மவர்க்கு மூலப்பத்திரம் நினைவுக்கு வரும். கால் கிரவுண்டு மனை வாங்குவதென்றாலும் நாம் மூலப்பத்திரம் கேட்கிறோம். முப்பது ஆண்டு வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம். விற்பவர் சொந்தச் சிற்றப்பாவாக இருந்தாலும் கேட்கிறோம், அவரும் கோபித்துக் கொள்வதில்லை. அதே மனிதர் அதே சிற்றப்பாவிடம் கார் வாங்கும்போது சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார். கார் நகரும் பொருள், மனை நகராதது. நகரும் பொருளுக்கல்லவா அதிக எச்சரிக்கை வேண்டும்?

இவ்விதிக்கு விலக்குகள் உண்டு. அவற்றுள் ஒன்று விசித்திரமானது. காரைத் திருடாமல், சொந்தக்காரரை ஏமாற்றி, செல்லாத செக்கைக் கொடுத்து ஒருவன் 'வாங்கி' விடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். ஏமாந்தவர் அந்த விற்பனையை ரத்துச் செய்வதற்கு முன், விஷயம் அறியாத ஒருவர் நல்லெண்ணத்தோடு அவனிடம் காரை விலைக்கு வாங்கினால், 29ஆம் பிரிவின்படி அவருக்கு உரிமை வந்துவிடலாம். திருட்டுக்கு ஒரு நியாயம், மோசடிக்கு ஒரு நியாயமா என்று கேட்கத் தோன்றும். சொந்தக்காரரே மனமிசைந்து கொடுத்தாரா இல்லையா என்பதுதான் வேற்றுமை.

அப்படியானால் திருட்டுக் காருக்குக் கொடுத்த காசு போனதுதானா? இல்லை, ஆனால் அதைக் கேட்க வேண்டிய இடம் காரின் சொந்தக்காரரல்லர், விற்றவர். இது குறித்து நூறாண்டு பழமையான ஆங்கில வழக்கு ஒன்று இருக்கிறது. 1922இல் ரோலண்ட் என்னும் வியாபாரி, டிவால் என்பவரிடம் 'ஆல்பர்ட்' என்ற காரை 334 பவுண்டுக்கு வாங்கினார். புது வர்ணம் பூசி ஒரு கர்னலுக்கு 400 பவுண்டுக்கு விற்றார். ஏறக்குறைய நான்கு மாதம் ஓடிய பிறகு போலீஸார் வந்து, அது திருட்டுக் கார் என்று கைப்பற்றினர். டிவாலுக்கும் விஷயம் தெரியாது. ரோலண்ட் கர்னலுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு டிவால் மேல் வழக்குத் தொடுத்தார். காரை இத்தனை மாதம் அனுபவித்தாயிற்றே என்று முதல் நீதிமன்றம் தள்ளிவிட்டது. 1923இல் மேல்முறையீட்டு நீதிமன்றமோ, வாங்கியவர் விலை கொடுத்தது உரிமைக்கு. அந்த உரிமை வரவேயில்லை. ஆகவே 334 பவுண்டும் முழுமையாகத் திரும்ப வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நம் சட்டத்தின் 14ஆம் பிரிவும், விற்கத் தமக்கு உரிமை உண்டு என்று விற்பவர் ஒவ்வொருவரும் வாய் திறவாமலே உறுதி கூறுவதாகக் கொள்கிறது. தீர்ப்பு வாங்குவது எளிது என்று நாம் சொல்லவரவில்லை. விற்ற ஊர்க்காரர் அடுத்த கப்பலில் அக்கரை சேர்ந்துவிட்டால், காகிதத்தில் உள்ள உரிமையைப் பணமாக்குவது பெரும்பாடு.

இனிக் குற்றப் பகுதி. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதீய நியாய சம்ஹிதையின் 317ஆம் பிரிவு, திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ, நேர்மையற்ற முறையில் அதைப் பெறுபவருக்கும் வைத்திருப்பவருக்கும் மூன்றாண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 411ஆம் பிரிவும் இதையே சொன்னது. அறியாமல் வாங்கியவர் திருடரல்லர். அவர் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் 'நம்பக் காரணம்' என்ற சொற்றொடரைக் கவனிக்க வேண்டும். பாதி விலை, பேரில்லாத ரசீது, மூன்றாமவர் பெயரில் ஆர்.சி., சுரண்டியது போன்ற எண் ஆகிய எல்லாம் ஒன்றுகூடினால், தெரியாது என்ற சொல் மெலிந்துவிடும். 'வைத்திருப்பவர்' என்ற சொல்லும் சாதாரணமானதன்று. வாங்கும்போது தெரியாமலிருந்து, பிறகு தெரிந்த பின்னும் மறைத்து வைத்தால் அன்று முதல் கதை வேறு.

மொழிபெயர்ப்பவர்கள் இங்கே ஒரு சிக்கலில் மாட்டிக் கொள்வதுண்டு. 'நல்லெண்ணம்' என்ற ஒரே தொடருக்கு 1897ஆம் ஆண்டின் பொதுச் சொற்பிரிவுகள் சட்டம் ஒரு பொருள் சொல்கிறது: கவனக் குறைவு இருந்தாலும் நேர்மை இருந்தால் போதும். குற்றச் சட்டமோ, உரிய கவனமும் எச்சரிக்கையும் இல்லாமல் நம்பியது நல்லெண்ணமே அன்று என்கிறது. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்லைத்தான் எழுத வேண்டியிருக்கிறது. ஊர்க்காரரை நம்பி வாங்கியவரின் நல்லெண்ணம் இவ்விரண்டில் எது என்பதை அவரிடம் உள்ள காகிதங்களே சொல்லும்.

ஆகையால் காகிதங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேசுவோம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறிடத்தில் பன்னிரண்டு மாதத்திற்கு மேல் வைத்திருந்தால் புதிய பதிவெண் பெற வேண்டும். அதற்குப் பழைய பதிவு அதிகாரியிடமிருந்து ஆட்சேபணையின்மைச் சான்று தேவை. இச்சான்றைப் பலர் வெறும் சடங்கு என்று எண்ணுகிறார்கள். அதைக் கொடுப்பதற்கு முன், அந்த வண்டி பற்றித் திருட்டு வழக்கு ஏதும் இல்லை என்று போலீஸாரிடமிருந்து எழுத்து மூலம் அறிக்கை பெற வேண்டும் என்று சட்டத்தின் 48ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. தமிழ்நாட்டு எண்ணோடு கப்பலில் வந்து இறங்கிய காரை இங்கே ஒருவர் விற்க வந்தால், முதலில் கேட்க வேண்டியது இந்தச் சான்றையே. 'அதெல்லாம் அப்புறம் எழுதி வாங்கிக் கொள்ளலாம்' என்று பதில் வந்தால், பணத்தையும் அப்புறம் கொடுக்கலாம். விற்பவர் கையெழுத்திடும் 29ஆம் படிவமும், இருவரும் சேர்ந்து கொடுக்கும் 30ஆம் படிவமும், கடன் தீர்ந்ததென்றால் வங்கியின் 35ஆம் படிவமும் அதன் பிறகு வருபவை.

அடுத்தது சேசிஸ் எண். இக்காலக் கார்களில் இது பதினேழு எழுத்தும் எண்ணும் கலந்தது; ஒன்று, பூஜ்யம் இவற்றோடு குழம்பாதிருக்க ஐ, ஓ, க்யூ என்ற ஆங்கில எழுத்துகள் அதில் வருவதில்லை. வந்திருந்தால் அங்கேயே ஐயம் கொள்ளலாம். பதிவு அலுவலகத்தில் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து இந்த எண்ணைப் பிரதி எடுப்பார்கள்; வாங்குபவரும் அதையே செய்யலாம், ஐந்து நிமிஷ வேலை. நம் தீவின் உப்புக் காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். துருவோடு துருவாக இருக்க வேண்டிய எண் மட்டும் பளபளவென்று புதிதாக இருந்தால் காரணம் கேட்க வேண்டும். அரசாங்கத்தின் 'வாஹன்' பதிவேட்டில் வண்டியின் விவரத்தைக் கைப்பேசியிலேயே பார்க்கலாம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தார், திருட்டுப் போன வண்டிகளின் பட்டியலோடு எண்ணை ஒப்பிட்டுப் பார்க்கவும் வசதி செய்திருக்கிறார்கள்.

பதிவாகியிருக்கிறதே, அது போதாதா என்பார்கள். போதாது. 2025 செப்டம்பரில் கேரளத்தில் சுங்க இலாகாவினர் விலையுயர்ந்த கார்கள் பலவற்றைக் கைப்பற்றினர். பூட்டானிலிருந்து வரி செலுத்தாமல் கொண்டுவரப்பட்டு, பொய்ப் பத்திரங்களைக் காட்டி வேறு மாநிலங்களில் பதிவு செய்யப்பட்டவை என்பது அவர்கள் கூறிய குற்றச்சாட்டு. அது களவன்று, கடத்தல். ஆயினும் அவற்றை வைத்திருந்தோரிடமும் பதிவுச் சான்று இருந்தது. அச்சான்று வண்டி யார் பெயரில் ஓடுகிறது என்பதைச் சொல்லும், உரிமைமூலத்தைச் சொல்லாது.

இவ்வளவும் தெரிந்த பின்னும் நம்மவர்கள் கேட்கத் தயங்குவது கூச்சத்தால்தான். 'அண்ணே, காகிதத்தைக் காட்டுங்கள்' என்றால் அவரைத் திருடர் என்று சொன்னதாகிவிடுமோ என்ற கூச்சம். ஆனால் விற்பவரும் டிவாலைப் போல அறியாதவராக இருக்கலாம் அல்லவா? அப்போது நம் கேள்வி அவரையும் அல்லவா காப்பாற்றுகிறது! வெளியூரில் நமக்கு வாய்த்த பத்துத் தெரிந்தவர்களில் ஒருவரை இழப்பது, காரை இழப்பதைவிடப் பெரிய நஷ்டம். காகிதம் கேட்காமல் வாங்கியவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே போகின்றன.

ஐயம் உறுதியாகிவிட்டால் காரை வேறொருவர் தலையில் கட்டப் பார்ப்பது தீராத வினை. தாமே காவல் நிலையம் சென்று, வாங்கிய நாள், கொடுத்த தொகை, வங்கி வழியே போனதென்றால் அதன் விவரம், விற்றவருடன் நடந்த கடிதப் போக்குவரத்து எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்கிக்கொள்ள வேண்டும். கைப்பற்றிய வண்டிகளைக் காவல் நிலைய வாசலில் மழையிலும் வெயிலிலும் கிடந்து அழியவிடாமல், பிணை பெற்று உரியவரிடம் விரைவில் ஒப்படைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் கூறியது. அந்த 'உரியவர்' பெரும்பாலும் கார் பறிபோனவராகவோ, அவருக்கு நஷ்ட ஈடு கொடுத்த இன்ஷூரன்ஸ் கம்பெனியாகவோதான் இருப்பார். வாங்கியவருக்கு எஞ்சுவது விற்றவர் மேல் உள்ள பணக் கோரிக்கை. அதற்கு மூன்றாண்டுக் கெடு உண்டு. ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசிப் பார்க்கலாம் என்று காத்திருப்பவர்களும், பேச்சு நடக்கும்போதே ஒரு வழக்கறிஞரிடம் தேதியைக் குறித்துக்கொண்டு வருவது நலம்.