ஆதரவற்ற மாதரும் முதியோரும்

(சாரத்தில் கூடிய சங்கப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆதரவற்ற ஸ்திரீகளையும் முதியோரையும் பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி காரியதரிசியார் எனக்குக் கட்டளையிட்டிருக்கிறார். இவ்விஷயத்தில் நமது சங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று எவரும் கூற முடியாது. ஆண்டுதோறும் பொங்கலை அடுத்து இந்த மண்டபத்தில் விதவைகளுக்கும் வயோதிகர்களுக்கும் சேலை, வேட்டி, அரிசி முதலியன வழங்கி வருகிறோம். அதில் குற்றங் காண நான் வரவில்லை. ஆயினும் ஒன்று கேட்கிறேன். வில்லியனூரிலிருந்தோ பாகூரிலிருந்தோ பஸ் ஏறி, சாரத்தில் இறங்கி, இம்மண்டபத்தின் படிகளையும் ஏறி, வரிசையில் ஒரு மணி நேரம் நிற்கக் கூடியவருக்கே நமது சேலை கிடைக்கிறது. காலில் வலுவுள்ளவரும், கையில் பஸ்ஸுக்குக் காசுள்ளவரும், அழைத்துவரப் பிள்ளையோ பேரனோ உள்ளவரும் வருகிறார்கள். இவை யாவும் இல்லாத கிழவி தன் குடிசையிலேயே இருந்து விடுகிறாள். எவளை எண்ணி இந்தத் தர்மத்தை ஏற்படுத்தினோமோ அவளை மாத்திரம் விட்டு மற்றையோரை அது சென்று சேர்கிறது. நான் சொல்ல வந்தது இவ்வளவே. மற்றவையெல்லாம் இதற்கு விளக்கம்.

2011ஆம் ஆண்டின் ஜனக்கணக்குப்படி இந்தியாவில் அறுபது வயது கடந்தவர்கள் பத்துக் கோடிக்கு மேற்பட்டவர்கள். அவர்களில் ஆண்களைக் காட்டிலும் பெண்களே அதிகம். அந்தப் பெண்களிலோ ஏறக்குறையப் பாதிப்பேர் கணவனை இழந்தவர்கள். ஆண்மக்களில் மனைவியை இழந்தவர் தொகை அதனிலும் மிகக் குறைவு. காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் வழக்கத்தில் மணமகனுக்கு வயது அதிகம். பெண்களுக்கோ ஆயுள் அதிகம். ஆகவே முதுமை என்னும் பிரச்னையைச் சற்றே உரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது விதவையின் பிரச்னைதான். நமது சங்கத்தில் இவ்விரண்டுக்கும் தனித்தனிக் கமிட்டி இருப்பது எனக்குப் பொருத்தமாகத் தோன்றவில்லை.

நிற்க. கிராமத்துக்குச் சென்று, அங்கேயே தங்கி, இப்பணியைச் செய்து காட்டிய ஓர் அம்மையாரின் சரித்திரத்தை உங்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். டாக்டர் சௌந்திரம் அம்மையார் பெருஞ்செல்வரான டி.வி. சுந்தரம் ஐயங்காரின் குமாரத்தி. இளம் வயதிலேயே விவாகமாயிற்று. கணவரும் ஒரு டாக்டர். அவர் பிளேக் நோயால் இறந்தபோது அம்மையாருக்கு வயது இருபதை ஒட்டித்தான் இருந்தது. அக்காலத்தில் அந்நிலையில் உள்ள பெண்ணுக்கு அடுக்களையின் ஒரு மூலையே உலகம். இவரோ டெல்லியிலுள்ள லேடி ஹார்டிஞ்ச் வைத்தியக் கலாசாலையில் சேர்ந்து படித்து, 1936இல் டாக்டர் பட்டம் பெற்றார். அங்கே உடன் பயின்ற சுசீலா நய்யார் மூலமாகக் காந்தியடிகளின் அறிமுகம் கிடைத்தது. 1940இல் காந்தியடிகளின் ஆசியுடன், கேரள தேசத்தவரும் வேறு ஜாதியினருமான ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். இதைக் கேட்டு முகஞ்சுளிப்பவர் இன்றும் இருப்பாராயின், அவர்கள் மேலே நடந்ததையும் கேட்க வேண்டும்.

1944 பிப்ரவரியில் கஸ்தூரிபா அம்மையார் பூனாவில் ஆகாகான் மாளிகைச் சிறைக்காவலில் காலமானார். அவர் பெயரால் திரட்டப்பட்ட நிதி ஒரு கோடி ரூபாய்க்கு மேல் சேர்ந்தது. அதைக் கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமே செலவிட வேண்டும் என்பது காந்தியடிகளின் உறுதி. நகரத்தில் பளிங்கு மண்டபம் எழுப்ப அவர் இடங்கொடுக்கவில்லை. அந்த டிரஸ்டின் தமிழ்நாட்டுப் பிரதிநிதியாகச் சௌந்திரம் அம்மையார் நியமிக்கப்பட்டார். 1947இல் திண்டுக்கல்லை அடுத்த சின்னாளபட்டியில் ஒரு சிறு வைத்தியசாலையோடு வேலை தொடங்கிற்று. அதுவே காந்திகிராமம்.

அங்கே நடந்த முறையைக் கவனியுங்கள். முதலில் வைத்தியம். பிரசவத்துக்கு டாக்டர் இல்லாத ஊரில் ஒரு பெண் டாக்டர் வந்து குடியிருந்தால், தலைமுறை தலைமுறையாக வாய் திறவாத ஸ்திரீகளும் தங்கள் கஷ்டத்தைச் சொல்லத் தொடங்குவார்கள். நோயைச் சொல்ல வந்தவள் கணவன் கைவிட்டதையும் சொல்வாள். வீட்டில் பட்டினி கிடக்கும் மாமியாரைப் பற்றியும் சொல்வாள். இவ்வாறு ஒன்றிலிருந்து ஒன்றாகத் தேவை தெரியத் தெரிய, கிராமசேவிகைகளுக்குப் பயிற்சி, அநாதைக் குழந்தைகளுக்குச் சௌபாக்கிய இல்லம், கைவிடப்பட்ட பெண்களுக்குப் புகலிடம், கதர் வேலை, சித்த மருந்து தயாரிக்கும் லக்ஷ்மி சேவா சங்கம், முதியோருக்கு இல்லம் என்று ஸ்தாபனம் வளர்ந்தது. அம்மையார் பின்னர் சட்டசபை அங்கத்தினராகவும், 1962இல் பார்லிமெண்டு அங்கத்தினராகவும், மத்திய அரசில் கல்வித் துறையின் உதவி மந்திரியாகவும் ஆனார், 1984இல் காலமானார். பதவிகள் வந்தன, போயின. சின்னாளபட்டியில் தொடங்கிய ஆஸ்பத்திரியோ இன்றும் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

காந்திகிராமத்துக்குப் பெருந்தனவந்தர்களின் துணை இருந்தது, நமக்கு ஏது என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. அதற்கு வேறோர் உதாரணம் சொல்லுகிறேன். டாக்டர் வெங்கடசாமி 1976இல் மதுரையில் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரியின் கிளை ஒன்று, 2003 முதல் நம் தவளக்குப்பத்தில் இருக்கிறது. இந்த ஆஸ்பத்திரியார் ஆரம்பத்திலேயே ஒரு பாடம் கற்றனர். கண்ணில் புரை விழுந்த கிழவர்களுக்குச் சிகிச்சை இலவசம் என்று தண்டோரா போட்டாலும் பலர் வரவில்லை. கண் தெரியாதவர் பஸ் ஏறுவது எப்படி? துணைக்கு வருகிறவனின் அன்றைய கூலியை யார் கொடுப்பது? ஆபரேஷன் முடிந்து திரும்பும் வரையில் சாப்பாடு எங்கே? இவற்றுக்கும் சேர்த்து ஏற்பாடு செய்து, முகாமை ஊருக்கே கொண்டுபோய், வண்டியில் அழைத்துச் சென்று, உணவளித்து, திரும்பக் கொண்டுவந்து விட்ட பிறகே ஜனங்கள் திரளாக வந்தார்கள். இலவசம் என்ற சொல்லுக்கும் ஏழையின் வாசற்படிக்கும் நடுவே இவ்வளவு தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தை நடந்து கடப்பதற்குச் சங்கத்துக்கு லக்ஷங்கள் தேவையில்லை. சைக்கிளோ ஸ்கூட்டரோ வைத்திருக்கும் பத்து வாலிபர்கள் போதும்.

"அரசாங்கம் பென்ஷன் கொடுக்கிறதே!" என்பது அடுத்த ஆக்ஷேபம். கொடுக்கிறது, மறுக்கவில்லை. தமிழ்நாட்டில் முதியோர் பென்ஷன் 1962இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. தேசம் முழுமைக்குமான திட்டம் 1995 ஆகஸ்டு 15இல் மாதம் 75 ரூபாயாக வந்து, 2006இல் 200 ரூபாயாயிற்று. நமது புதுச்சேரி அரசு தன் பங்கையும் சேர்த்துக் கொடுப்பதால் இங்கே கிடைப்பது அதனினும் அதிகம். ஆனால் அப்பணத்தைப் பெறுவதற்கு வயதுக்கு அத்தாட்சி வேண்டும், ஆதார் வேண்டும், பாங்கிக் கணக்கு வேண்டும், உயிரோடிருக்கிறாள் என்பதற்கு ஒரு சான்றும் வேண்டும். ஆயுள் முழுவதும் நாற்று நட்டுக் களை பறித்த கையில் ரேகை தேய்ந்து போயிருக்கிறது. யந்திரத்தில் விரலை வைத்தால், "இவள் அவள் அல்லள்" என்று யந்திரம் சொல்லிவிடுகிறது. எழுதப் படிக்கத் தெரியாத விதவை இதை எந்த அலுவலகத்தில் யாரிடம் முறையிடுவாள்? நம்மில் சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள் எத்தனை பேர் இருக்கிறீர்கள்! மாலை வேளையில் கடற்கரையில் உலாவும் நேரத்தில் வாரம் ஒரு நாளை இதற்குக் கொடுக்கலாகாதா?

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெற்றோரையும் மூத்த குடிமக்களையும் பராமரிப்பதற்கான சட்டம் 2007இல் இயற்றப்பட்டது. பெற்றோரைக் காப்பாற்றாத பிள்ளைகளிடமிருந்து ஜீவனாம்சம் பெற்றுத்தர அதில் வழியுண்டு. பிள்ளையற்றவராயின், அவருடைய சொத்தை அடைய உரிமையுள்ள பந்துவிடமிருந்தும் பெறலாம். முக்கியமாகத் தாய்மார்கள் கவனிக்க வேண்டியது: வீட்டையோ நிலத்தையோ மகனுக்குத் தானமாக எழுதி வைக்கும்போது, "ஆயுள் உள்ளவரையில் என்னை வைத்துக் காப்பாற்ற வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். அந்நிபந்தனை இருந்து அதை அவன் மீறினால், அந்தப் பத்திரம் செல்லாது என்று தீர்ப்பளிக்க டிரிப்யூனலுக்கு அதிகாரமுண்டு. வெறும் வாய்ப் பேச்சை நம்பி எழுதிக் கொடுத்தவர்கள் கோர்ட்டு வரையில் போய்த் திணறியிருக்கிறார்கள். பெற்ற பிள்ளையிடம் நிபந்தனையா என்று கூச்சப்பட வேண்டாம். நல்ல பிள்ளைக்கு அந்த ஒரு வரியால் யாதொரு நஷ்டமும் இல்லை.

சாரத்தில் சங்கச் செலவில் முதியோர் விடுதி கட்ட வேண்டுமென்ற யோசனை ஒன்று கமிட்டியின் முன் இருக்கிறது. விடுதியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2004 டிசம்பர் 26ஆம் தேதியின் சுனாமிக்குப் பின், கடலூர்ப் பக்கத்தில் ஹெல்ப்பேஜ் இந்தியா ஸ்தாபனத்தார் 'தாமரைக்குளம்' என்ற முதியோர் கிராமத்தை அமைத்தார்கள். ஒருவரும் இல்லாதவருக்கு அத்தகைய இடம் அவசியமே. ஆனால் மண்ணாடிப்பட்டிலோ நெட்டப்பாக்கத்திலோ தன் வேப்பமரமும், ஆடும், பேச்சுத் துணைக்கு அண்டை வீட்டுக்காரியும் உள்ள கிழவியைப் பெயர்த்துக் கொண்டுவந்து பட்டணத்துக் கட்டிலில் படுக்க வைப்பது தர்மமாகுமா என்பதை யோசியுங்கள். அவளுக்கு வேண்டியது மருந்தும், ஒரு வேளை சூடான உணவும், கூரைக்கு ஓலையும், "எப்படியிருக்கிறீர்கள், ஆத்தா?" என்று கேட்க ஓர் ஆளும். இவற்றுக்கு ஆகும் செலவு கட்டடத்தின் சிமெண்டுச் செலவில் அற்பப் பங்கே. கட்டடத்தில் கல்வெட்டு வைக்கலாம், இதில் வைக்க முடியாது என்பது ஒன்றுதான் குறை!

இறுதியாக, சிலருக்குக் கசப்பாக இருக்கக்கூடிய ஒன்றையும் சொல்லி விடுகிறேன். நம் வாலிபர்கள் ஒரு கிராமத்துக்குப் போகும்போது, நம்மவர் வீட்டில் மாத்திரம் நுழைந்து, அடுத்த குடிசையில் முனகும் குரலைக் கேளாதவர்போல் திரும்புவதா? இது ஜாதிச் சங்கம், சந்தா நம்மவருடையது, வாஸ்தவமே. ஆனால் இங்கிருந்து அதிக தூரத்தில் இல்லாத வடலூரில், இராமலிங்க அடிகள் 1867 மே 23ஆம் தேதி சத்திய தருமச்சாலையில் ஏற்றிய அடுப்பு இன்னும் அணையவில்லை. அங்கே இலையில் உட்காருகிறவனிடம் பசியைத் தவிர வேறு அடையாளம் கேட்பதில்லை. அந்தச் சோற்றை நம் முன்னோர்களும் உண்டிருப்பார்கள். ஆகவே, பணம் நமதாயினும் உதவி எல்லாருக்கும் என்று தீர்மானத்தில் தெளிவாக எழுத வேண்டுமென்று பிரேரேபிக்கிறேன். எதிர்ப்போர் எழுந்து காரணம் சொல்லட்டும், கேட்கச் சித்தமாயிருக்கிறேன்.

காரியதரிசியாரின் மேஜைமேல் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. நீங்கள் வீடு திரும்புமுன், உங்கள் ஊரில் எழுந்து நடமாட இயலாத முதியோரும், துணையற்ற ஸ்திரீகளும் எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்பதை அதில் குறித்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு முதலில் திருக்கனூர்ப் பக்கம் போவதாக நான்கு வாலிபர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் ஆறு பேர் தேவை.